வெறும் சில்லில் பூஜ்யம்

மின்தடை பூஜ்யம் என்று திரை காட்டியது. காட்டியது, காட்டவே கூடாத சில்லு.

ஒரே படிகத்திலிருந்து ஒட்டுநாடாவால் உரித்த இரண்டு சில்லுகள். உள்ளே மின்சாரத்தை விடாமல், மேல்தோலில் மட்டும் ஓடவிடும் விநோதப் படிகம். முதல் சில்லின் மேல் அக்கா நியோபியம் என்ற உலோகத்தைப் பூசியிருந்தாள். கடுங்குளிரில் நியோபியம் தடையே இல்லாத மீக்கடத்தி ஆகிவிடும். ஒட்டியிருக்கும் சில்லுக்கும் அந்தக் குணம் தொற்றும். அவள் ஆராய்ச்சியே அதுதான். இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் சில்லு. அது பக்கத்து அறையில், வேறு குளிர்கலத்தில் இருந்தது.

"வோல்ட்டேஜ் அளக்குற ஒயர் அறுந்திருக்கும்க்கா. அறுந்தாலும் பூஜ்யம்தானே காட்டும்," என்றான், அங்கேயே ஹீலியம் சிலிண்டர்களைக் கவனித்துக்கொள்ளும் தம்பி. போன வாரம்தான் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். வீட்டில் இருடா என்றால் கேட்கிற ஜென்மமா அவன்?

ஒயர் சரியாகவே இருந்தது.

"ரெண்டையும் ஒரே நாடாவுலயா உரிச்சே?"

"ஆமா. ஏன்?"

"பாகம் பிரிச்சும் உறவு விடலை. நம்ம சித்தப்பா குடும்பம் மாதிரி."

அக்கா சிரிக்கவில்லை. முதல் சில்லின் கலத்துக்குள் இருந்த குட்டி ஹீட்டரைத் தட்டினாள். நியோபியம் தன் குணத்தை இழக்கும் அளவுக்கு, துளிச் சூடு. பக்கத்து அறைச் சில்லின் தடை அதே நொடியில் ஏறியது.

பின்னால் நாற்காலி சரிந்தது. தம்பி தரையில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஹீட்டரை அணைத்துவிட்டு ஓடினாள். திரையில் கோடு மறுபடி பூஜ்யத்தைத் தொட்டது. தம்பி கண் திறந்தான்.

"மயக்கம்க்கா. காலையில சாப்பிடலை."

"டேய், அந்த மிச்ச நாடா எங்கே? மேசையிலதானே வெச்சேன்?"

அவன் அசடு வழிந்தபடி சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "காலையில பிளாஸ்திரி பிஞ்சுக்கிச்சு. கைக்குக் கிடைச்சதை எடுத்து ஒட்டிக்கிட்டேன்."

நாடாவை உரித்தாள். அதில் படிகத் தூள் கருப்பாய் மினுங்கியிருக்க வேண்டும். துடைத்துவிட்டதுபோல் வெளுப்பாக இருந்தது. தையலைச் சுற்றி, தோலுக்கு அடியில் ஒரு கருநிழல். தொட்டாள். ஐஸாகச் சுட்டது.

செல்போன் அடித்தது. மருத்துவமனை.

"உங்க தம்பியோட கருவி எங்களுக்குத் தகவல் அனுப்பும் மேடம். காலையிலேருந்து அது துடிப்பே கொடுக்கலை. அவருக்கு... நினைவு இருக்கா?"

"எதிர்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கான்."

போனை மேசையில் வைத்தாள்.

அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓடியது. முதல் கலத்தின் குளிர்பம்பு எழுப்பும் டக், டக்கோடு இம்மி பிசகாமல் ஓடியது.

கதவு திறந்தது. அடுத்து அந்தக் கலத்தைப் பயன்படுத்த வேண்டிய ஆராய்ச்சியாளர், தன் சில்லுப் பெட்டியோடு நின்றார்.

"உங்க நேரம் முடிஞ்சுது மேடம். சூடு பண்ணிடட்டுமா?" அவர் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "வேணாம். இன்னும் வேலை முடியலை."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கினான்.

"அது என் ஆயுசைப் பொறுத்தது சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் மட்டும்தான் சிரித்தான்.