நீர்ப்பூட்டு

சிக்கல் ஊருக்குத் தெற்கே, சீமைக்கருவேலம் வெட்டிய இரண்டு ஏக்கரில் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நிலம் முத்துகிருஷ்ணனுடையது. தட்டுகள் அவர் மகள் பானுப்பிரியா வேலை பார்த்த கம்பெனியுடையவை. ஒவ்வொரு தட்டிலும் மெல்லிய வெள்ளைப் பொடிப் பூச்சு. அதன்மேல் விரற்கடைத் தண்ணீர். வெயில் ஏறினால் தண்ணீரில் குமிழி கிளம்பும். அந்தக் குமிழியில்தான் எரிவாயு இருந்தது.

"வெறும் பொடிக்கு வெயில வேலை வாங்கத் தெரியாதுய்யா. அதுல துளி அலுமினியத்தச் சேத்துச் சுடுறோம். அப்புறம் பாருங்க, தண்ணிய ரெண்டாப் பிச்சுப் போட்டுரும்" என்று பானு ஒருநாள் விளக்கினாள். பிய்ந்த இரண்டும் ஒன்றாகவே கலந்து வரும், பிரித்தெடுக்கும்வரை பொல்லாதது என்பதையும் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. முத்துகிருஷ்ணன் மக காத்து விக்கிறா என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், பெருமையோடுதான்.

வாயுவைச் சேர்த்துவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் நீல டிரம் ஒன்று நின்றது. வாயு அந்த டிரம்மின் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்துதான் வெளியே போகும். வெளியே எரிகிற தீ குழாய் வழியாகத் திரும்பி வந்தாலும் தண்ணீரைத் தாண்டாது. நீர்ப்பூட்டு என்றாள் பானு. உப்புத் தங்காத வடிநீர்தான் அதில் ஊற்றுவார்கள். கழுவிவிட வசதியாக டிரம்மின் அடியில் ஒரு குழாய்த்திருகு வைத்திருந்தார்கள். ஊரில் நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் கிடக்கிற ஜனம் நடமாடும் இடத்தில், திறந்தால் நல்ல தண்ணீர் வரும் குழாயை வைத்தவர்கள் எங்கோ நகரத்தில் இருந்தார்கள்.

வெளியூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்த அன்று, நண்பகலில் பானு வாயுவைப் பற்றவைத்தாள். அந்தத் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குமாற்று ஈர்க்கை நீட்டி, அது கருகுவதைக் காட்டித்தான் எரிகிறது என்பாள். ஈர்க்கு கருகியது. தீ குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய்க் கொட்டகைக்குள் சேர்ந்திருந்த வாயுவைத் தொட்டது. வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். பானு கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றாள். வயலில் நின்ற முத்துகிருஷ்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவளைத் தூக்கவேண்டிய அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

டிரம்மில் தண்ணீர் குழாய் முனைக்குக் கீழே இறங்கியிருந்தது, பொறுப்பாளரான பானு அதைப் பார்க்கத் தவறிவிட்டார் என்று கம்பெனி சொன்னது. செய்த வேலையைத் திரும்ப ஒருமுறை பார்க்காமல் தூங்காத பிள்ளை அவள். செத்ததைக்கூட அவர் ஒருவாறு விழுங்கிக்கொண்டார்; கவனக்குறைவு என்ற சொல்லை விழுங்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் முருகேஸ்வரி வந்தாள். தட்டுகளில் படியும் உப்புப் புழுதியைத் துடைக்கிற வேலை அவளுக்கு. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"லாரி வரலை மாமா. புள்ளைக்குக் காச்ச. இங்கன உப்புத்தண்ணியில கஞ்சி வச்சா வாயில வைக்க மாட்டேங்குது. பானு மதினி காலையிலயே டிரம்மைப் பாத்துட்டுப் போயிருச்சு. அதுக்குப் பெறகுதான் ஒரு குடம் புடிச்சேன். சும்மா கெடக்குற தண்ணினு நெனச்சேன்."

படியேறாமல் அவளே தொடர்ந்தாள்.

"சொல்லுங்கன்னும் சொல்லலை, சொல்லாதீகன்னும் சொல்லலை. என்னால வச்சிருக்க ஏலல."

அன்றிரவு முழுக்க அவருக்கு ஒரே நினைப்பு. பானு பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சி தன்னையே காட்டிக்கொடுத்தால்தான் மகளின் பேர் மீளும். காய்ச்சல் கண்ட பிள்ளையின் முகமும் வந்தது. அதை ஒதுக்கினார். மறுநாள் ராமநாதபுரம் பஸ் ஏறினார்.

விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். முருகேஸ்வரியின் பேரையும் அவள் புருஷன் முனியசாமியின் பேரையும் எழுதிக்கொண்டார்.

"அப்ப எம்மக மேல தப்பில்லைன்னு ஆயிருச்சுல்ல சார்?"

அதிகாரி பேனாவை மூடினார். காலையில் பார்த்தது கணக்கில் வராது, பற்றவைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்க்கவேண்டும், அதுதான் விதி என்றார். "அதுல மாத்தம் இல்லைங்க. இந்தம்மா பேரும் கூடச் சேரும், அவ்வளவுதான்."

குழாய்த்திருகை அங்கே வைத்தவனின் பேர் சேருமா என்று கேட்க நாக்கு வரையில் வந்தது. அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த வாரமே போலீஸார் முருகேஸ்வரியைக் கூட்டிப்போனார்கள். அவள் மறுக்கவில்லையாம், கேட்பதற்கு முன்பே சொன்னாளாம்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட முத்துகிருஷ்ணன் மறுபடி ராமநாதபுரம் போய்த் திரும்புகையில், அதே பஸ்ஸில் முனியசாமி இருந்தான். மடியில் பிள்ளை தூங்கியது. ஜாமீனுக்கு அலைந்த முகம். அவன் இவரைப் பார்த்தான். திட்டுவான் என்று இவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் பிள்ளையின் தலையைத் துண்டால் மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிக்கலில் அவன் முன்படியில் இறங்கினான். இவர் பின்படியில் இறங்கி, அவன் தெருமுனை திரும்பும்வரை பஸ் நிறுத்தத்திலேயே நின்றார். இரண்டு வீடும் ஒரே தெருவில்தான் இருந்தன.