பதினேழு ஓட்டைகள்

ஓட்டையைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். இருபத்திரண்டு வருடமாகப் பல் டாக்டர். அடைக்காமல் விட்ட ஓட்டை மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று தினமும் யாராவது வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே எங்கள் வீட்டு அஸ்திவாரச் சுவரில் வரிசையாகப் பதினேழு ஓட்டைகளைப் பார்த்தபோது நான் பயப்படவில்லை. என் வீட்டிலேயே வந்து வாலாட்டுகிறதா, இரு பார்க்கிறேன் என்றுதான் தோன்றியது.

வீடு வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. சரிவான தெருவில் கட்டிய வீடு. மேல்பக்கம் வாசல் தெருவோடு ஒட்டி இருக்கும். கீழ்ப்பக்கம் அஸ்திவாரச் சுவர் இடுப்பு உயரத்துக்கு வெளியே தெரியும். அந்தச் சுவருக்கு மேலே இருக்கும் அறை என் தங்கைக்குத்தான் என்று வீடு பார்க்க வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வேறு ஊரில் தனியாக இருந்து வேலை பார்த்தாள். குடியிருந்த வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி, ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது தடவை நான் போய்ப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். அந்த உதடு என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. "இங்க வந்துடு, அறை எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு" என்று ஒரு மாதம் போனில் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மாற்றல் வாங்கினாள். "ஈரம்னு தெரிஞ்சா ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்க்கா" என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்.

அவள் வர மூன்று வாரம் இருந்தது. சுவரில் மண்டிக் கிடந்த கொடி ஈரத்தைப் பிடித்து வைக்குமே என்று நானே அரிவாளை எடுத்து வெட்டிப் போட்டேன். கொடி விலகியதும் ஓட்டைகள் பல்லை இளித்தன. கட்டைவிரல் நுழையும் அளவு. தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எதையும் எண்ணாமல், அளக்காமல் விடமாட்டார். டேப்போடு வந்து குந்திக்கொண்டார்.

"பதினேழு. எல்லாம் ஒரே மட்டம், ஒரே இடைவெளி. எலிக்கு டேப் பிடிக்கத் தெரியுமா?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஓர் ஓட்டைக்குள் விட்டார். அது உள்ளே நிற்காமல் சறுக்கி வெளியே விழுந்தது. மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது.

"பாரு, வெளிப்பக்கமா சாய்ச்சுப் போட்டிருக்காங்க. யாரோ யோசிச்சுப் பண்ணின வேலை. என்ன ஏதுன்னு தெரியாம கை வைக்காத."

"பூரான் வர்ற வழியா இருக்கும். அதுக்கெல்லாம் ஆராய்ச்சியா பண்ணுவாங்க?" என்றேன்.

அறையில் ஜன்னல் ஓரத்தைப் பூச வந்திருந்த கொத்தனாரையும் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்த மண்ணோடு வந்தது.

"கரையானுக்கு மருந்து விட ட்ரில் போட்டிருப்பாங்க மேடம். வேலை முடிஞ்சதும் அடைக்காம போயிட்டாங்க."

எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

அடைக்கும் வேலையைக் கொத்தனாரிடம்கூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஓட்டையைச் சுரண்டி, பிரஷ் விட்டுத் தேய்த்து, தூசியை ஊதி, சிமெண்டை மூன்று தவணையாக அழுத்தி, மேலே வழித்து மழமழப்பாக்கினேன். கிளினிக்கில் செய்வதற்கு ஒரு மாற்றுக் குறையாது. "முடிஞ்சதும் ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்கக் கூடாதுன்னு சுவர்கிட்ட சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர். பதினேழாவது ஓட்டைக்கு வந்தபோது ஒரு நோயாளியிடமிருந்து போன் வந்தது. அதற்கு மட்டும் பேருக்கு ஒரு பூச்சுப் பூசிவிட்டு எழுந்தேன். தள்ளி நின்று பார்த்தால் சுவர் அத்தனை அழகாக இருந்தது.

மறுவாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாளும் பெய்தது. அன்று, வெள்ளிக்கிழமை காலை, மெத்தை விரிக்கலாம் என்று அறைக்குள் போன எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரின் அடியில் கணுக்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஈரம். தரையில் கால் வைத்தால் சில்லென்றது. மூடிய பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அந்த மக்கல் வாடை. தங்கை வர ஒன்பது நாள் இருந்தது.

கொத்தனார் வந்து பார்த்தார். தரையைத் தட்டினார், மேலே பார்த்தார், தாடையைத் தடவினார். "நல்ல பெயிண்டா ரெண்டு கோட் அடிச்சிடலாம் மேடம். வர்றவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி, வெளியே போய் ஒரு டின்னை வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டும் போனார். வீட்டுக்காரர் டேப்பை எடுத்து வந்து ஈரம் ஏறிய உயரத்தை அளந்து எழுதிக்கொண்டார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எரிச்சலோடுதான் கிளினிக்குக்குப் போனேன். முதல் ஆள் கன்னம் வீங்கி வந்தார். உள்ளே சீழ் இருக்கும்போதே எவரோ மேலே அழகாக அடைத்து அனுப்பியிருந்தார்கள். எந்த மடையன் செய்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அடைப்பைத் தோண்டி எடுத்தேன். குபுக்கென்று வடிந்தது. அவருக்கு உயிர் வந்தது. "இத உடனே மூடக் கூடாது. உள்ள இருக்கறது வெளிய வந்தாகணும், வழியில்லன்னா அது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

சறுக்கி விழுந்த பென்சில் ஞாபகம் வந்தது. எந்த மடையன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மீதி நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினேன். நேரே பதினேழாவது ஓட்டைக்குப் போனேன். நான் பேருக்குப் பூசியது பெயர்ந்து கீழே கிடந்தது. ஓட்டையிலிருந்து பென்சில் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். அறை முழுவதும் ஈரம், அந்த ஓட்டைக்கு நேர் மேலே இருந்த மூலை மட்டும் காய்ந்திருந்தது. மேட்டுத் தெருவில் பெய்கிற மழையெல்லாம் எங்கள் தரைக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குள் இறங்குகிறது. அது வெளியேறத்தான் கட்டினவர் வழி வைத்திருக்கிறார். நான் அதை அடைத்துவிட்டேன்.

கொத்தனார் விட்டுப்போன ட்ரில்லை எடுத்தேன். துளை போடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். செம்மண் தண்ணீர் என் கோட்டின்மேல் பீய்ச்சி அடித்தது. பத்தாவது ஓட்டையைத் திறக்கும்போது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த வீட்டுக்காரர் குடையோடு நின்று பார்த்தார்.

"நீங்க சொன்னது சரி" என்றேன்.

"என்ன? மழைச் சத்தத்துல கேக்கல."

"கேட்டுது, நல்லாவே கேட்டுது."

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்து சொட்டாகிவிட்டது. ஆனால் சுவர் காய ஒரு மாதமாவது ஆகும். வாசலில் அந்த டின் இருந்தது. பொய் சொல்வானேன், மூடியைத் திறந்தும் பார்த்தேன். இரண்டு கோட் அடித்தால் அவள் வந்துவிடுவாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பாழும் வீட்டிலேயே இருந்துவிடுவாள். அந்த நீல உதடு வந்து நின்றது. மூடியை அழுத்தி மூடிவிட்டு போனை எடுத்தேன்.

"அறை ஈரமா இருக்குடி. நான்தான் கெடுத்தேன். சரி பண்ணிட்டேன், ஆனா காய ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் எங்க அறைல நீ படு, நாங்க ஹால்ல படுத்துக்கறோம்."

"சரிக்கா, நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறமும் பேசவில்லை. நாள் வர வர போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கட்டில், மேஜை, தையல் மிஷின், பூந்தொட்டிகள்கூட. வீட்டுக்காரர் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தார்.

"என்னடி, வீட்டையே பேத்துக்கிட்டு வந்துட்டியா? ஈரம்னு சொன்னேனே!"

"சொன்னதாலதான்க்கா. உண்மையா, ஒரு பெட்டியோட வந்து பத்து நாள் பாத்துட்டு, ஈரமா இருந்தா மாற்றல ரத்து பண்ணிட்டுத் திரும்பிடலாம்னுதான் இருந்தேன். அந்த வீட்டுச் சாவியக்கூடக் கொடுக்கல. அந்த வீட்டு ஓனரும் காஞ்ச சுவர்னுதான் சொன்னாரு, பெயிண்ட் அடிச்சு வச்சுக்கிட்டு." அவள் கீழே இறங்கிப் போய், பதினேழாவது ஓட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரை உள்ளங்கையில் பிடித்தாள். "நீ போன் பண்ணின அன்னிக்குத்தான் சாவியக் கொடுத்தேன்."