கறையில்லாத பக்கங்கள்

குளிர்கிடங்கில் எனக்கு எட்டு வருட சர்வீஸ். மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஆறு அறைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறையின் டிகிரியையும் பார்த்துக் கதவில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். எப்போது பார்த்தாலும் நாலுதான் காட்டும். அந்த நாலைப் பார்க்கக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு எவள் ஓடுவாள்? ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். அதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். வரிசையாக நாலு நாலு என்று போட்டால் ஆய்வாளர் மோப்பம் பிடித்துவிடுவார். நடுவில் ஒரு ஐந்து, ஒரு மூன்றரை, வாரத்துக்கு ஒரு ஏழு. ஏழுக்குப் பக்கத்தில் ‘கதவு திறந்திருந்தது’ என்று ஒரு குறிப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் தாளைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள். எட்டு வருடத்தில் ஒரு மருந்தும் கெட்டதில்லை.

இரண்டு முறை கலைந்து, கல்யாணமாகி ஆறாவது வருடத்தில் தங்கிய கர்ப்பம் இது. ஏழாம் மாதம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். கர்ப்ப காலத்துச் சர்க்கரை என்றார் டாக்டரம்மா. விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷினைக் கையில் கொடுத்தார். தினமும் நாலு தடவை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் இன்சுலின் ஊசி.

“வந்ததை வந்தபடி எழுதுங்க. உங்க நோட்டை நம்பித்தான் நான் முடிவெடுப்பேன்” என்றார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று மாலையே நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். வயிற்றில் இருப்பவனுக்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்திருந்தார். முதலாளிக்காகத் தானும் இனிப்பை விட்டார்.

முதல் வாரம் உண்மையைத்தான் எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று அறுபத்து நாலு. நூற்று ஐம்பத்தெட்டு. பாதி வயிறாகச் சாப்பிட்டேன், மொட்டை மாடியில் மூச்சு வாங்க நடந்தேன். காலையில் குத்தினால் மறுபடி நூற்றுப் பத்து. மெஷினுக்கும் எனக்கும் ஏதோ பழைய பகை என்று தோன்றியது. மாமியார் போனில், ஒன்பது மாதம் வாயைக் கட்டத் தெரியாதா என்று கேட்டுவிட்டு வைத்தார். வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு எண்ணும், நீ தாயாக லாயக்கில்லை என்று சொல்வது போலிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

எட்டாம் நாள் வேலைக்கு நடுவில் குத்த மறந்துபோனேன். மாலையில் ஆறு அறைகளின் தாளை நிரப்பிவிட்டு, அதே பேனாவால் நோட்டையும் நிரப்பினேன். தொண்ணூற்றொன்று, நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினெட்டு. கை தானாக ஓடியது. மறுநாள் வேண்டுமென்றே எழுதினேன். அப்படியே ஏழு வாரம் ஓடியது. நடுவில் ஒரு நூற்று முப்பத்து மூன்று, பக்கத்தில் ‘விருந்து’ என்று ஒரு குறிப்பு. தொழில் பழக்கம் எங்கே போகும்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “விருந்துக்குப் போனதைக்கூட எழுதியிருக்காளே, ஏமாத்தத் தெரியாத பொண்ணு. நோட்டும் எவ்வளவு சுத்தமா இருக்கு.”

சுத்தமாகத்தான் இருந்தது. முதல் வாரப் பக்கங்களில் விரல் ரத்தம் அங்கங்கே தீற்றியிருக்கும். அதற்குப் பிறகு ஒரு பொட்டுக் கறை கிடையாது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஸ்கேனில் குழந்தை பெரிதாகத் தெரிந்தது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரரின் உயரத்தைப் பார்த்து, அப்பா மாதிரி போலிருக்கிறது என்றார். வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

முப்பத்தேழாவது வாரம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நாலரை கிலோ, பையன். ஒரு மணி நேரத்தில் கைகால் வெட வெடவென்று நடுங்க ஆரம்பித்தது. குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இருபத்திரண்டு. கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிரிப் ஏற்றினார்கள். குழந்தை டாக்டர் விளக்கினார். தாய்க்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தால் குழந்தையின் உடம்பு அதை எரிக்கப் பழகிவிடும். கொடியை வெட்டிய பிறகும் எரித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் இல்லாமல் போனால் மூளை தாங்காது. ஆனால் உங்கள் நோட்டு நன்றாக இருக்கிறதே என்று அவரே குழம்பினார். வேறு ஏதாவது அபூர்வ நோயோ என்று அந்தப் பிஞ்சுக் கையிலிருந்து இன்னும் நாலு குப்பி ரத்தம் எடுத்தார்கள். மாலையில் என்னைச் சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுவந்திருந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். அவர் எதிரில் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பகல் பதினொரு மணி. எண்கள் ஏறிவிட்டன என்று டிரிப்பைக் குறைத்திருந்தார்கள். பதினாலு குழந்தைகளுக்கு ஒரே நர்ஸ். பாவம், ஓடிக்கொண்டே இருந்தாள். முதலாளி அழாமல் கிடந்தான். சமர்த்து என்றார் வீட்டுக்காரர். எனக்கு அது சமர்த்தாகத் தெரியவில்லை. பெட்டியில் தொங்கிய தாளைப் பார்த்தேன். ஒன்பது எண்கள். கடைசி இரண்டும் ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு. இரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. மேலே உள்ள ஏழுக்கும் பக்கத்தில் எங்கேயாவது ஒரு துளி சிவப்பு இருந்தது. இந்த இரண்டுக்கும் இல்லை.

வலது காலில் டிரிப் ஊசி. குத்தியதெல்லாம் இடது குதிகாலில்தான். பெட்டிக்குள் கையை விட்டு எண்ணினேன். ஏழு புள்ளிகள்.

நர்ஸைக் கூப்பிட்டு, இப்போதே குத்திப் பார்க்கச் சொன்னேன். காலையிலேயே பார்த்தாயிற்று, நார்மல்தான் என்றாள். நீங்கள் பார்க்கவில்லை என்றேன். அவள் முகம் சிவந்தது. வீட்டுக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. “விடும்மா, அவங்க தொழில் அவங்களுக்குத் தெரியாதா? உனக்கென்ன தெரியும்?” என்றார்.

“எனக்குத் தெரியும். நானும் இப்படித்தான் எழுதினேன். ஏழு வாரம் மெஷினையே தொடல. எல்லாம் மனசுல தோணின நம்பர்.”

நர்ஸ் மெஷினை எடுத்தாள். குத்தினாள். பத்தொன்பது. அதன் பிறகு ஆட்கள் ஓடி வந்தார்கள். என் சக்கர நாற்காலியை யாரோ சுவரோரம் தள்ளினார்கள்.

வீட்டுக்காரர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பார்க்க வருகிறவர்களிடம் காட்டவென்று கொண்டுவந்திருந்தார். தீற்றல் விழுந்த பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். எட்டாம் நாளில் நின்றார்.

“இதுவரைக்கும்தான் நிஜமா?”

“ஆமா.”

நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் பெட்டி பக்கம் போய் நின்றுகொண்டார். மூளைக்கு எவ்வளவு சேதம் என்று இப்போது சொல்ல முடியாது, உட்கார வேண்டிய வயதில் உட்காருகிறானா என்று பார்க்கத்தான் வேண்டும் என்று டாக்டர் அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி குத்தினார்கள். குதிகாலை நான் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் மெஷினை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

“முப்பத்தொண்ணு. சரியாம்மா?”

“முப்பத்தொண்ணு. எழுதுங்க.”

அவள் எழுதினாள். என் விரல் பட்டுத் தாளின் ஓரத்தில் அவன் ரத்தம் தீற்றியது. வீட்டுக்காரர் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.