அப்பாவுக்குக் கிடைத்த பதவி உயர்வுகள்

அச்சில் வந்ததை நம்புவதென்றால், பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகிற வரைக்கும் நான் என் அப்பாவோடு ஒரே வீட்டில்தான் வசித்திருக்கிறேன். நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில், அம்மிக்கல் கனத்துக்கு ஒரு பழைய நகர டைரக்டரியைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தபோது நான் போட்ட சத்தத்தில், கூரையில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்கள் மொத்தமும் அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

"சார்," என்றார் நூலகர் அம்மா. அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற விதத்தில் நல்ல உயரமான ஆளும் அரை அடி குறைந்துவிடுவான். "என்ன ஆச்சு?"

"எங்கப்பா எங்க வீட்லயே இருந்திருக்காரும்மா!"

"நல்லதுதானே சார்?"

"நான் ஒரு நாள்கூட அவரப் பாத்ததில்லையே!"

சற்றுக் கூட்டித்தான் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கடைக்காரர்களின் தராசுகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஒரு கிராம் கூடக்கூடாது, குறையக்கூடாது. ஓய்வு பெற்ற பிறகாவது பேச்சில் நாலு கிலோ ஏற்றிப் போடாவிட்டால் மனிதன் எதற்காக உயிரோடு இருப்பது? ஏற்றிப் போட்டால் கேட்பதற்கும் ஆள் வேண்டும், அது வேறு விஷயம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கடல்களுக்கு அப்பால் இருக்கிறான். அவன் பேசும்போது இங்கே பகல் என்றால் அங்கே அவனுக்குக் கொட்டாவி. மகள் கொஞ்சம் பக்கம், ஆனால் மிகவும் பிஸி. வீட்டில் என்னோடு இடைவிடாமல் பேசுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் சொன்னதையே சொல்லும்.

அதனால்தான் நூலகத்துக்கு வர ஆரம்பித்தேன். முதலில் கைவைத்தது பிரமுகர்களின் வாழ்க்கை வரலாற்று அகராதியில். நம் வம்சத்தில் ஒரு மந்திரியோ, குறைந்தபட்சம் ஒரு கொள்ளைக்காரனோ இல்லாமலா போவான் என்ற நம்பிக்கை. தொகுதி தொகுதியாகப் புரட்டியதில் ஒரு நீதிபதி அகப்பட்டார். படத்தில் என் மூக்கை அப்படியே களவாடி வைத்திருந்தார். ஒரு வாரம் அவரைப் பெரியப்பாவாக வைத்துக்கொண்டேன். பிறகு அவர் பிரம்மச்சாரி, கூடப்பிறந்தவர்களும் கிடையாது என்று கடைசி வரியில் போட்டிருந்ததைப் பார்த்து, மனசில்லாமல் விட்டுக்கொடுத்தேன்.

"பிரமுகர்கள விடுங்க சார்," என்றார் நூலகர் அம்மா. "சாதாரண ஜனங்க டைரக்டரியிலதான் இருப்பாங்க. தெரு, கதவு எண், குடும்பத் தலைவர் பேரு, அவரு என்ன வேலை. எல்லாம் இருக்கும்."

நான் தேடியது உண்மையில் ஒரே ஒருவரைத்தான். அப்பா வெளியூரில் வேலையில் இருக்கிறார் என்று சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். புகைப்படம் கிடையாது, ஒரு வரி கடிதம் கிடையாது. அவர் எனக்கென்று விட்டுவைத்தது என் பெயருக்கு முன்னால் நிற்கிற அந்த ஒற்றை எழுத்துதான். எனக்கு வேலை கிடைத்த வருஷம், அவர் இறந்துபோனதாகச் சேதி வந்தது என்றாள். எந்த ஊரில், என்ன நோயில், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. அந்த ஊரின் பெயராவது தெரிந்தால் போதும். ரயிலேறிப் போய், அந்த ஊர் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் டைரக்டரி அவரை வெளியூருக்கு அனுப்பவே மறுத்தது. எங்கள் தெரு, எங்கள் கதவு எண், அப்பாவின் பெயர், குமாஸ்தா. நான் தவழ்ந்த வருஷத்தில் குமாஸ்தா. பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்தில் தலைமை குமாஸ்தா. எனக்கு மீசை அரும்பிய பதிப்பில் உதவி மேனேஜர். அதற்கும் பிறகு, என் கண்ணே பட்டுவிடும்போல, மேனேஜர்! ஒரு பக்கம் தையல்காரர், மறுபக்கம் ரொட்டிக் கடைக்காரர், நடுவில் மேனேஜராகிய என் தகப்பனார். நாங்கள் நாலு பேர் படுத்தால் கால் நீட்ட இடமில்லாத அந்த வீட்டில், இவ்வளவு பெரிய அதிகாரியை நான் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? நாலு பேர் என்றா சொன்னேன்? அம்மா, அக்கா, நான். மூன்று பேர். பாருங்கள், அதற்குள் நானும் அவரைக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

"இதெல்லாம் யாரும்மா எழுதினது?" என்று கேட்டேன்.

"ஆளுங்க வீடு வீடாப் போய்க் கேப்பாங்க சார். வாசல்ல யாரு நிக்கிறாங்களோ, அவங்க சொல்றதுதான்."

எங்கள் வாசலில் நின்றது யாரென்று சொல்ல, இந்த உலகத்தில் மீதி இருப்பது அக்கா ஒருத்திதான். படிக்கட்டுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"அந்த ஆளத் தேடிக் கண்டுபிடிச்சு என்னடா கிழிக்கப் போற?" என்றாள் எடுத்த எடுப்பில். நான் தேடுவது அவளுக்கு முன்பே தெரியும். என் அக்காவுக்கு 'ஹலோ' சொல்லிப் பழக்கமில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா, டைரக்டரியில. மேனேஜரா இருந்திருக்கார்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. என் அக்கா சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது. லைன் மாறிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அம்மாதான்டா சொன்னா. நான் பக்கத்துலயே நின்னேன். டைரக்டரிக்காரன், வீட்டுக்காரர் யாருன்னு கேட்டான். இல்லைன்னு சொன்னா தெருவே வாயில போட்டு மெல்லும், வீட்டு ஓனர் அன்னிக்கே சாமானத் தூக்கி வெளிய வெச்சிருப்பான். பேரச் சொல்லிட்டா."

"சரிக்கா, பேரச் சொன்னா. மேனேஜர் எதுக்கு?"

"வருஷக்கணக்கா ஒருத்தன் குமாஸ்தாவாவே இருந்தா ஜனங்களுக்கு சந்தேகம் வராதா? தையக்காரர் பொண்டாட்டி வேற, 'உங்க வீட்டுக்காரருக்கு இன்னுமா புரமோஷன் வரல'ன்னு கேட்டுட்டா. அம்மாவுக்கு ரோஷம் வந்துடுச்சு."

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தேனே!

"அப்புறம் செத்துட்டார்னு சொன்னாளே?"

"உனக்கு வேலை கெடச்சுது. இனிமே அந்த ஆளு எதுக்குன்னு கொன்னுட்டா."

"அன்னிக்கு அழுதாளேக்கா. மூணு நாள் சாப்பிடலையே."

அக்கா வீட்டு மின்விசிறி கடகடப்பது எனக்குக் கேட்டது.

"அழுதது நிஜம்டா. யாருக்காகன்னுதான் எனக்கு இன்னும் புரியல." பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். அவளுக்கும் பேசுவதற்கு யாருமில்லை. இருந்தாலும் பிடிவாதம்.

திரும்பி வந்தபோது மேஜைமேல் புதிதாக ஒரு அடுக்கு முளைத்திருந்தது. படிக்கட்டில் நான் பேசியது உள்ளே வரை கேட்டிருக்க வேண்டும்.

"வெளியூர் டைரக்டரி எல்லாம் இருக்கு சார். உங்கப்பா நெஜமாவே எங்க இருந்தார்னு தேடிப் பாக்கலாம்," என்றார் நூலகர் அம்மா. குரலை அவர் தாழ்த்திப் பேசியது நூலகத்துக்காக இல்லை என்று தோன்றியது.

அட்டைமேல் கை வைத்தேன். உள்ளே எங்கேயோ, வேறொரு தெருவில், வேறொரு கதவு எண்ணுக்கு நேராக அவர் இருக்கலாம். குமாஸ்தாவாகவே. பதவி உயர்வு சொல்லி வாங்கித்தர அங்கே ஆளில்லாமல். அல்லது ஆள் இருந்தும் இருக்கலாம். வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்ல வேறொரு அம்மா, பக்கத்தில் வேறொரு பையன்.

"நாளைக்குப் பாக்கலாமா?" என்றேன். என் ஆயுளில் நான் இவ்வளவு சின்னக் குரலில் பேசியதே கிடையாது. எங்கள் தெருப் பக்கத்தை இன்னொரு தடவை பிரித்து, விரலை வைத்துக்கொண்டு, தையல்காரர் வீட்டிலிருந்து ரொட்டிக் கடை வரை மெதுவாக நடந்துவிட்டு மூடினேன்.

சாயங்காலம் வீட்டில் அழைப்பு மணி அடித்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு டைரக்டரி போடுகிறார்கள் என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டி ஒரு மாதமாகிறது. சங்கச் செயலாளர் வந்திருந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் அட்டை, அட்டையில் செருகிய பேனா. என் பெயரைக் கேட்காமலே எழுதிக்கொண்டார். இனிஷியலை மட்டும் கேட்டார், சொன்னேன்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க சார்?"

பேனா காத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஃபிரிட்ஜ் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டது. நான் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும் இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"உள்ள வாங்கம்மா," என்றேன். "நின்னுக்கிட்டே எழுதி முடிக்கிற குடும்பமில்ல இது."

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலிகள். மூன்றின் மேல் பழைய செய்தித்தாள் கட்டுகள். அவர் உட்கார, ஒரு கட்டை இரண்டு கையாலும் தூக்கினேன். அடியில், நிறம் மங்காமல், நேற்று கடையிலிருந்து வாங்கி வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது நாற்காலியின் மெத்தை.