சுண்ணாம்பு வைத்த உதடு

அம்மாக்கண்ணுவைச் சும்மா விடுவதில்லை என்று சுதர்ஷினி முடிவு செய்தது மஸ்கெலியா ஆஸ்பத்திரியில், மகளுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தபோது.

மகள் கிருஷாந்திக்கு நான்கு வயது. இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு கீழுதட்டோரம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பியிருந்தன. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று அவளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு சுதர்ஷினி கொழுந்து பறிக்கப் போனாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அங்கே ஆயா அம்மாக்கண்ணுதான் பார்த்துக்கொள்வாள். தனக்குத் தெரியாத நோயே இல்லை என்பது அவள் எண்ணம்.

"அக்கிதான் இது. சுட்டாத்தான் அடங்கும்" என்று வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் வழித்துக் கொப்புளங்கள்மேல் அப்பினாள்.

மத்தியானம் சுதர்ஷினி வந்தபோது கிருஷாந்தி வாசல்படியில், பனிக்குளிரில், தனியாக உட்கார்ந்திருந்தாள். உதடு வெந்து தோல் உரிந்திருந்தது.

"ஏன் ஆயம்மா இப்படிப் பண்ணுனீங்க?"

மற்றத் தாய்மார் சுற்றி நின்றார்கள். அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒம் புருசன் கொழும்புல. புள்ளைக்கு வாயில சீக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கென்னடி தெரியும்? ஒன்னையத்தான் கேக்கணும்."

யாரோ சிரித்தார்கள்.

அந்தப் பேச்சு அன்றைக்கே கொழும்புக்குப் போய்விட்டது. கணவன் ஜீவராஜ் போனில், "ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்களே" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்ட எந்த அழைப்பையும் அவன் எடுக்கவில்லை. பிள்ளையோ வலியில் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தது, மூத்திரமும் போகவில்லை. சுதர்ஷினி அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "இது ஒரு வைரஸ். நடத்தைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உதட்டுல புண்ணு இருக்கிறவங்க முத்தம் குடுத்தாலே, ஒரே கரண்டியில ஊட்டுனாலே புள்ளைங்களுக்குத் தொத்திக்கும். பத்து நாளுக்குள்ள தானா காஞ்சிரும். சுண்ணாம்பு, உப்பு எதுவும் வைக்காதீங்க. வலிக்குப் பரசிட்டமோல், வயசுக்கு ஏத்த அளவு. ஆறுன கஞ்சியும் தண்ணியும் கொஞ்சங்கொஞ்சமா குடுங்க. கோப்பை, துவாய் தனியா இருக்கட்டும். புண்ணைத் தொட்ட கையால கண்ணைத் தேய்க்க விடாதீங்க. கண்ணு செவந்தா ஒடனே கொண்டாங்க."

"திரும்பவும் வருமா டாக்டர்?"

"வரலாம். ஒடம்புக்குள்ளயே கெடக்கும். காய்ச்சல், வெயில், அசதின்னா எழும்பும். அந்த நேரத்துல பச்சப்புள்ளைங்க பக்கம் யாரும் போகக்கூடாது. பொறந்த ஒண்ணு ஒண்ணரை மாசத்துல தொத்துனா உயிருக்கே ஆபத்து."

போன மாதம் அம்மாக்கண்ணுவின் உதட்டில் காய்ந்த பொருக்கு இருந்ததும், அவள் சோற்றை வாயில் வைத்துச் சூடு பார்த்து அதே கரண்டியால் பிள்ளைகளுக்கு ஊட்டியதும் சுதர்ஷினிக்கு நினைவு வந்தன. அவளிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. சுதர்ஷினிக்கு அந்த நினைவே போதுமாக இருந்தது.

தோட்டத்து ஆபீசில் முறையிட்டாள். விசாரிக்கிறோம் என்றார்கள். யாரும் விசாரிக்கவில்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில், அம்மாக்கண்ணுவின் உதட்டில் மறுபடி புண் எழும்பியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவாள். நான்கு மாதம் பார்த்தாள்.

அம்மாக்கண்ணுவின் மகள் தனுஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க லயத்து வீட்டு வரிசையையே அழைத்திருந்தார்கள். சுதர்ஷினியும் போனாள். இரண்டு நாளாக அடுப்படியில் நின்ற அலுப்பில் அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நடமாடினாள். குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது முந்தானை நழுவியது. மேலுதட்டில் கொப்புளங்கள், நீர் கோத்து நின்றன.

சுதர்ஷினி அதைப் பார்த்துவிட்டாள். அவள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அந்த நினைப்பு இனித்தது. அம்மாக்கண்ணு கதறுவதை மனசுக்குள் ஒருதரம் கேட்டும் பார்த்தாள்.

அம்மாக்கண்ணுவின் முகம் குழந்தையின் கன்னத்தை நோக்கிக் குனிந்தது. சுதர்ஷினி பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினாள்.

"தனுஜா, ஒங்கம்மா வாயப் பாரு! எம்புள்ளைக்கு வந்த அதே புண்ணு. இந்தக் குட்டிக்குத் தொத்துனா செத்துப்போயிரும்!"

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சுதர்ஷினி குழந்தையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒங்க புருசன் செத்து ஏழு வருசமாச்சே ஆயம்மா. இது எங்கேருந்து வந்துச்சு? நான் யாரைக் கேக்கட்டும்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்மாக்கண்ணு முந்தானையைத் தேடினாள். அது அகப்படாமல் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பார்க்கப் பார்க்கச் சுதர்ஷினிக்கு மனசு குளிர்ந்தது.

தனுஜா அப்போதே குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்து அவள் நேராக மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அம்மாக்கண்ணு சுதர்ஷினியின் வாசலுக்கு வந்தாள்.

"பேத்தியக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறாடி. நீ சொன்னாத்தான் கேப்பா."

"ஒங்க போனைக் குடுங்க." சுதர்ஷினி ஜீவராஜின் நம்பரை அழுத்தினாள். தெரியாத நம்பர் என்பதால் எடுத்தான். "சொல்லுங்க ஆயம்மா. ஊர்ல நீங்க பேசுனது பொய்யின்னு."

"நான் சொன்னது பொய்யி தம்பி" என்று முனகினாள் அம்மாக்கண்ணு.

"லயத்துக்கே கேக்கணும்."

"பொய்யி தம்பி! ஒம் பொஞ்சாதி மேல அபாண்டமாப் பேசிட்டேன்!"

வரிசையாகக் கதவுகள் திறந்தன. கதவுக்குக் கதவு முகம் தெரிகிறவரை காத்திருந்து சுதர்ஷினி போனைத் துண்டித்தாள்.

"பொருக்கு உதிர்ந்து தோல் நல்லா மூடுற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. அப்பறமும் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டுத் தூக்குங்க. முத்தம் வேணாம். தனுஜாகிட்ட நான் பேசுறேன்."

"என்னைய மன்னிச்சிட்டியாடி?"

"இல்ல."

அம்மாக்கண்ணுவின் கையில் போன் அடித்தது. ஜீவராஜ்தான். அவள் அதை நீட்டினாள். சுதர்ஷினி வாங்கவில்லை.

"பேசணும்னா பஸ் ஏறி வரச் சொல்லுங்க" என்று கிருஷாந்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.