இடது பக்கத்துக் கட்டைகள்

"வரல," என்றாள் பியானோக்காரி. "பாருங்க, மறுபடியும் வரல."

மருந்துக்கடைக்காரன் கணினியின் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். மனைவியின் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியமில்லை. அவளுடைய வலது கை வாசித்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. இடது கை அதே மென்மையோடு இறங்கியபோதுதான் அறை ஊமையாகிப்போனது. கட்டை அமுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, ஒலியை மட்டும் காணோம்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் அவள். மாதக்கணக்கில் கட்டோடு இருந்துவிட்டு, அதைப் பிரித்தபின் இன்றைக்குத்தான் முதன்முதலாக வாசிக்க உட்கார்ந்திருக்கிறாள். எலும்பு கூடிவிட்டது, நரம்பு என்ன சொல்லும் என்று போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நேரம் பார்த்து ஒலிப்பதிவுக்கூடத்து மேலாளர் கூப்பிட்டிருந்தார். பெரிய பியானோவில் வாசிக்க வேண்டிய மெல்லிய பாட்டு ஒன்று, ஆரம்பம் முதல் முடிவு வரை அடக்கி வாசிக்கிற பாட்டு. முடியுமா முடியாதா என்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை முடியாது என்று சொல்லியாயிற்று. இன்னொரு தடவை சொன்னால் அந்தக் கூடத்திலிருந்து அப்புறம் யார் கூப்பிடப்போகிறார்கள்?

வீட்டில் பியானோ கிடையாது. மேசைமேல் சொந்தக் குரல் இல்லாத கீபோர்டு ஒன்று இருந்தது. குரல் கொடுப்பது கணினி. எங்கேயோ ஒரு பொறுமைசாலி பெரிய பியானோ ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியாகத் தட்டிப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆயிரக்கணக்கான ஒலித்துண்டுகளையும் கணினியில் ஏற்றிவிட்டால், விரல் அழுத்துகிற வேகத்துக்குத் தக்க துண்டைத் தேடி எடுத்து அது ஒலிக்கும். பழைய கணினி உயிரை விட்டதால், புதிதாக வாங்கியதில் நேற்றுப் பூராவும் உட்கார்ந்து இதையெல்லாம் ஏற்றியவன் மருந்துக்கடைக்காரன்தான். முதலில் பொரி பொரிவதுபோல் படபடவென்று சத்தம் வந்தது. அதையும் எங்கேயோ ஒரு எண்ணை மாற்றிச் சரிசெய்துவிட்டு, தானே பியானோவைக் கண்டுபிடித்த மாதிரி வீட்டுக்குள் நடமாடினான்.

இப்போது அவன் எழுந்துபோய், அவள் தொட்ட அதே கட்டையைத் தட்டினான். கணீரென்று கேட்டது.

"இதோ வருதே!" என்றான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நாளெல்லாம் மாத்திரை அட்டைகளைப் பிதுக்கிப் பழகிய விரல் அது, அதற்கு மெதுவாக அழுத்தத் தெரியாது. ஆனால் அவளுக்கு வேறு சாட்சி எதற்கு? கணவன் தட்டினால் வருகிறது, தான் தட்டினால் வரவில்லை. இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, யாரோ கொண்டுவந்து போட்ட பொருளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

"அவ்வளவுதாங்க. என் கை போயிடுச்சு."

"சும்மா எதையாவது சொல்லாதே. கொஞ்சம் பொறு, நான் பாக்கறேன்."

"எதைப் பாக்கப்போறீங்க? கம்ப்யூட்டரையா, என் கையையா? ஃபோனை எடுங்க. முடியாதுன்னு சொல்லிடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிக் குரல் தாழ்ந்து பேசி அவன் கேட்டதில்லை. கைப்பேசி அவனுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதை மேசைமேல் கிடந்த பாட்டுக் காகிதத்துக்கு அடியில் தள்ளிவிட்டுத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தான்.

அவள் காத்திருக்கவில்லை. கீபோர்டை மூடிவைக்க, இடது கோடியில் கிடந்த துணியை எட்டி எடுத்தாள். எடுத்தது வலது கை. போகிற போக்கில் அதன் சுண்டுவிரல் கீழ்க்கட்டை ஒன்றை லேசாக அமுக்கியது. சத்தம் வரவில்லை.

"அசையாதே!" என்று அவன் போட்ட கூச்சலில் அவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள். "இப்ப எந்தக் கை பட்டுச்சு?"

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? வலது கைதான்."

"அதே கையால இன்னொரு தடவை அழுத்து. மெதுவா. இன்னும் மெதுவா."

அழுத்தினாள். ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டை, அதற்குப் பக்கத்துக் கட்டை, எதற்கும் வாய் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பாய்ந்துபோய் ஒலித்துண்டுகள் இருந்த கோப்புறையைத் திறந்தான். இணையத்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டியவை நான்கு மூட்டைகள். கடைசி மூட்டை, அதாவது கீழ்க்கட்டைகளின் மெல்லிய ஒலிகள், பாதியில் அறுந்து கிடந்தது.

நேற்று நடந்தது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. சில கோப்புகளைக் காணவில்லை, மேலே தொடரலாமா என்று கணினி ஒழுங்கு மரியாதையாகக் கேட்டிருந்தது. கடைக் கணினி, சரக்கு குறைந்துவிட்டது, தொடரலாமா என்று ஒவ்வொரு ரசீதுக்கும் நச்சரிக்கும். படிக்காமலே 'சரி' என்று தட்டித் தட்டி அவன் விரல் தேய்ந்திருந்தது. இங்கேயும் விரல் தன்னிச்சையாக வேலையை முடித்துவிட்டது.

"நான்தான்," என்றான். "படிக்காம சரின்னு தட்டிட்டேன்."

"கடைக்கு வர்றவங்களுக்காவது சீட்டைப் படிச்சுட்டு மருந்து குடுக்கறீங்களா?" என்றாள். திட்டுகிற தெம்பு வந்துவிட்டதே என்று அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த மூட்டை மறுபடியும் இறங்க ஆரம்பித்தது. திரையிலிருந்த பட்டை நகர்கிறேன் பார் என்று ஊர்ந்தது. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் பட்டையைப் பார்ப்பதுமாக நின்றாள். இறங்கி முடித்து, துண்டுகள் உரிய இடத்தில் உட்கார்ந்தபோது மத்தியானத்துக்கு அதிக நேரமில்லை.

வாசித்தாள். இடது கைக்குக் குரல் வந்துவிட்டது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவன் மூடவில்லை, அதனால் திரையைப் பார்த்தான். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அங்கே ஓர் எண் மின்னும். இடது மோதிர விரலின் முறை வரும்போதெல்லாம் அந்த எண் தரையைத் தொட்டது. அந்த ஒரு ஸ்வரம் கேட்டும் கேட்காமலும் அமுங்கிப்போனது.

"நடுவுல ஏதோ விழுங்குது," என்றாள் கண்ணைத் திறந்து. "இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா பாருங்க. நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

பாக்கி எதுவும் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அந்த மென்பொருளில் வளைகோடு ஒன்று உண்டு. அதை மேலே இழுத்துவிட்டால் தொட்டாலே போதும், ஒலி வந்துவிடும். அவள் திரும்பி வருவதற்குள் இழுத்துவிட்டான்.

இந்தத் தடவை ஒரு ஸ்வரம்கூடத் தவறவில்லை. அவள் முகம் மலர்ந்தது. அவள் காகிதத்தை விலக்கிக் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினாள். கூடத்தில் இருப்பது நிஜப் பியானோ. அங்கே இழுத்துவிட வளைகோடு இருக்காது. வாத்தியக்காரர்கள் சுற்றி நிற்க, நடுவில் இவள் விரல் ஊமையாகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தச் சந்தோஷம் நிலைக்கும், ஆனால் எத்தனை நாளைக்கு?

"கூப்பிடாதே," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "நான் அந்தக் கோட்டை ஏத்தி வெச்சிருக்கேன். மோதிர விரல் நிஜமாவே அழுத்தல. உனக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திட்டேன்."

அவள் வந்து, வளைகோட்டைத் தானே பழையபடி இறக்கினாள். இடது கையை வைத்து ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். நான்கு பேசின, ஒன்று முனகியது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள்.

"காலையிலேருந்து கையே போயிடுச்சுன்னு செத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "ஒரே ஒரு விரல்தானா? இதைப் போயா என்கிட்ட மறைச்சீங்க?"

அவள் அந்த இடத்தை மோதிர விரல் இல்லாமல், நடுவிரலைத் தாண்டவிட்டு வாசித்துப் பார்த்தாள். தடுமாறியது. மறுபடி வாசித்தாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டாள்.

"கை சரியாயிடுச்சாம்மா?" என்ற அவர் குரல் அறைக்கே கேட்டது.

"இல்ல சார். நாலு விரல்தான் வேலை செய்யுது," என்றாள் அவள். "அந்த நாலை வெச்சு வாசிக்கிறேன். வரட்டுமா?"