மூன்றாவது அட்டைக்கு ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே, ஒரு சின்ன வேலையைப் பத்து முறை மோசமாகச் செய்ததால்தான்.

என் தங்கை ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களையும் உயிரை விட நினைத்தவர்களையும் பற்றி ஆராய்கிற இடம். ஆய்வகம் என்றதும் கண்ணாடிக் குடுவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் மாடியில் நான்கு அறை, ஒரு நீள மேசை, பூட்டிய இரும்பு அலமாரி, ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றியே அழுகிப்போகும் நிலையில் ஒரு செடி. அங்கே என் தங்கைக்குப் பெயர் ‘தபால்’. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு மாதம் ஓர் அட்டை அனுப்புவது அவள் வேலை.

அந்த அட்டை உதவுகிறதா என்பதுதான் ஆய்வு. சம்மதித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சிகிச்சை, மருத்துவரின் சந்திப்பு, எந்நேரமும் அழைக்க ஓர் எண் எல்லாம் இரு பக்கத்துக்கும் ஒன்றே. ஒரு பாதிக்கு மட்டும் அட்டை கூடுதல். அதில் நாலே வரி. மூன்றை அவர்களே எழுதிவிட்டார்கள். இரண்டாவது வரி காலி. அது மட்டும் மாதாமாதம் மாறும்.

“நீதான் இருபது வருஷமா பேப்பர்ல எழுதறியே. ஒரே ஒரு வரி எழுதிக் குடேன்” என்றாள்.

2

முதல் வரைவு: நீங்கள் தனியாக இல்லை.

“அது நமக்கு எப்படிக்கா தெரியும்? பாதிப் பேர் தனியாத்தான் இருக்காங்க. அவங்களுக்கே தெரிஞ்சத இல்லேன்னு சொன்னா மீதி மூணு வரியையும் நம்ப மாட்டாங்க.”

மூன்றாவது: வாழ்க்கை அழகானது.

“பல்லு வலிக்கிற அன்னிக்கு இதப் படிச்சுப் பாரு.”

ஐந்தாவது: எப்படி இருக்கிறீர்கள்? இதில் என்ன குற்றம் என்று எனக்கே கோபம் வந்தது.

“கேள்வி கேட்டா பதில் சொல்லணும். சொல்ல முடியாதவங்களுக்கு அது இன்னொரு சுமை.”

எட்டாவதை அவள் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. (அதில் உவமை இருந்தது. விடியலும் இருந்தது.)

பதினோராவது முறை நேரிலேயே போனேன்.* அவர்களுடைய லிஃப்ட் மூன்றாம் மாடியில் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. இறங்கும்போது தடுமாறினேன். அந்த எரிச்சலில் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினேன்: எங்கள் லிஃப்ட் மூன்றாம் மாடியில் இன்னும் நாலு விரல் மேலேதான் நிற்கிறது.

கேலிக்கு எழுதியது. தபால் இரண்டு முறை படித்தாள்.

“இது நெசம். எதையும் கேக்கல, புத்தி சொல்லல. இந்தப் பக்கம் ஆளுங்க இருக்கோம்னு தெரியுது. இதான்க்கா.”

(* அங்கே சுவரில், எழுதக் கூடாத சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. முதலில் ‘தோல்வியுற்ற தற்கொலை முயற்சி’. அதன்மேல் கோடு போட்டு யாரோ எழுதியிருந்தார்கள்: உயிரோடு இருப்பதற்குத் தோல்வி என்றா பெயர்?)

3

மழை கொட்டித் தீர்த்த ஒரு காலையில் அந்தக் கடிதம் [நிறுத்திவிட்டேன். அன்று நல்ல வெயில்.]

விதி என்பது [இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.]

மின்விசிறியிலிருந்து தொடங்குகிறேன். அது தபாலின் மேசைக்கு நேர் மேலே சுற்றுகிறது. முகவரியைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது ஆய்வகத்தின் பிடிவாதம். அச்சடித்த உறை நோட்டீஸ் மாதிரி இருக்குமாம். அவள் முன்னால் அட்டை போக வேண்டியவர்களின் தாள். அதற்கு அடியில், ஆய்வின் கடைசியில் இரு பக்கத்தாரையும் விசாரிக்க வேண்டும் என்பதற்காக, அட்டை போகாதவர்களின் தாள். மேல்தாளின் கடைசிப் பெயரை எழுதி முடிக்கும்போது தாள் காற்றில் புரண்டது. கை ஓடிய வேகத்தில் அடுத்த பெயரையும் எழுதி, உதிரியாகக் கிடந்த ஓர் அட்டையைப் போட்டு ஒட்டிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. தேவையில்லை என்றாலும் சிலர் எழுதுவார்கள். எது வந்தாலும் அன்றைக்கே மேடம் படித்துவிடுவார். அவர் மருத்துவர், ஆய்வகத்தின் தலைவியும்கூட. படித்துவிட்டுச் சிரித்தபடி தபாலிடம் நீட்டினார்.

“பயப்பட ஒண்ணுமில்ல. நம்ம லிஃப்டுக்கு டாக்டர் கெடச்சிருக்காரு. பதிவு பண்ணிடு.”

கடிதம் இது:

ஏறும்போது மட்டும் நாலு விரல் மேலே நின்றால் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நாளை, நாளை என்று தள்ளாதீர்கள். யாராவது தடுக்கி விழப்போகிறார்கள். நான் இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன்.*

பதிவு செய்ய அவருடைய எண்ணைத் தேடினாள் தபால். மேல்தாளில் இல்லை. மறுபடி தேடினாள். அடித்தாளின் முதல் பெயர் அது.

பயந்துபோனாள். தப்பு செய்துவிட்டோமே என்பது ஒரு பங்கு. மீதி, அடுத்த அட்டை. அது வெள்ளிக்கிழமை போக வேண்டும், அவருக்குப் போகாது. ஒரு மனிதர் பதில் எழுதியிருக்கிறார். இனி இந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

(* மேடம் அனுமதித்த அளவுக்கு மேல், கூடப்பிறந்தவளிடம்கூட தபால் ஒரு சொல் சொன்னதில்லை. ஆளை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் வயது, தொழில், பழுது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தில் இருந்த அக்கறையை மட்டும் மாற்றவில்லை.)

4

இந்த மனிதரைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. இந்தக் கதையின் முதல் வரைவில் அவரை மனைவியை இழந்தவராக எழுதியிருந்தேன்.

“ஏன்க்கா, கத ஆரம்பிக்கும்போதே ஒரு பொம்பளைய சாகடிக்கற?” என்றாள் தங்கை.

அடுத்ததில் வேலை போனவர் ஆனார். இம்முறை அவள் சிரிக்கவில்லை.

“ஒத்தக் காரணம் வெக்காத. ஒத்தக் காரணத்தோட எங்ககிட்ட யாரும் வந்ததில்ல. நீ ஒண்ண எழுதினா, அதே கஷ்டத்துல இருக்கற யாராவது படிச்சுட்டு, ஓ, இதுக்கு இதுதான் வழி போலன்னு நினைச்சுக்குவாங்க.”

இருபது வருடத்தில் எத்தனை செய்திகளில் ‘காரணம்’ என்று ஒரு வரியைச் சேர்த்திருப்பேன் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே, காரணம்: [          ]. இது காலியாகவே இருக்கும்.

‘பிரேக்’ என்ற சொல்லுக்கு அடியில் அவர் கோடு போட்டிருந்தார். தன் உயிரைப் பெரிதாக நினைக்காத ஒருவர், முகம் தெரியாத யாரோ தடுக்கி விழுவார்களே என்று [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் நீதிக்கதை ஆகிவிடும்.]

5

திங்கள்கிழமைக் கூட்டத்தில் தபாலே எழுந்து சொல்லிவிட்டாள். எதிரில் மேடம். பக்கத்தில், புள்ளிவிவரம் பார்ப்பவர். அவருக்குப் பெயர் ‘கணக்கு’.

“அவர ஆய்வுலேருந்தே எடுத்துட்டு அட்டை அனுப்பலாமா சார்?” என்று கேட்டாள்.

“எடுக்கக் கூடாது. குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கம்தான் எண்ணுவேன். தோதுப்படலன்னு ஒருத்தரத் தூக்கினா, நாளைக்கு இன்னும் நாலு பேரத் தூக்கத் தோணும்.”

“அட்டை போய் அவர் நல்லா ஆனாருன்னா?”

“அட்டை போகாத பக்கத்துக்கு ஒரு மார்க்கு கூடும். நம்ம அட்டைக்குப் பெருமை கொறையும்.”

“கொறையட்டும்” என்றார் மேடம்.

கணக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப அந்தப் பக்கம் மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க மேடம்?”

நல்ல கேள்வி. நானாகக் கற்பனை செய்திருந்தால் அதை அவர் வாயில் வைத்திருக்க மாட்டேன். பதில் சொல்லக் கடினமானது. மேடம் செடியில் அழுகிய ஓர் இலையைக் கிள்ளி எடுத்தார்.

“அட்டை உதவுதான்னு நமக்கே இன்னும் தெரியாது. தெரியாததாலதான் குலுக்கினோம். உதவுதுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் போகும். ஆனா இவர் விஷயம் வேற. இவர் கதவ நாம தட்டிட்டோம், அவரும் தெறந்துட்டாரு. தட்டிட்டு ஓடிப்போறது சின்னப் பசங்க விளையாட்டு. நெறிமுறைக் குழுவுக்கு நடந்தத நடந்தபடி எழுதி, அட்டை அனுப்ப அனுமதி கேப்போம்.”

“தப்பு என்னோடதுன்னு எழுதுங்க மேடம்.”

“மின்விசிறியோடதுன்னும் எழுதணும். ரெண்டு தாள ஒண்ணா வெக்கச் சொன்ன என்னோடதுன்னும் எழுதணும். நீ மட்டும் எல்லாத்தையும் எடுத்துக்காத.”

6

குழுவின் பதில் வியாழன் மாலைவரை வரவில்லை. காத்திருந்த நாட்களில் நான் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அனுமதி தாமதமாக வருகிறது. அதற்குள் அவர்...

“கதைக்காக ஒருத்தர சாகடிக்காத. கண்ணீர் வர வெக்க அது குறுக்கு வழி.”

முடிவு ஆ: அவர் கருவிப் பெட்டியோடு வந்து லிஃப்டைச் சரிசெய்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

“எங்க லிஃப்ட அவர் ஏன் ரிப்பேர் பண்ணணும்? எதாவது திருப்பிக் குடுத்தாதான் அவருக்கு அட்டையா?”

“அப்ப எப்படித்தான்டி முடிக்கறது?”

“எங்களுக்கு முடிவெல்லாம் கெடையாதுக்கா. அடுத்த மாசம்தான் உண்டு.”

வியாழன் ஐந்து மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. “அட்டை போகலாமாம்” என்றாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். கேட்டதற்கு ஜலதோஷம் என்றாள். அவளுக்கு ஜலதோஷம் வந்து நான் பார்த்தே நாலு வருடம் ஆகிறது.

7

வெள்ளிக்கிழமை காலை நானும் போனேன். மேடம் நச்சரித்ததில் கட்டடத்துக்காரர்கள் முந்தின நாளே லிஃப்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். பிரேக் தேய்ந்துதான் இருந்ததாம். இரண்டாவது அட்டைக்கான வரி அதிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் ஏறிப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று தபால் நின்றாள்.

ஏறினோம். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. அவள் வாசலில் குந்தி, நாலு விரலைத் தரையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். நுழையக் காத்திருந்த ஒருவர், “எதாவது தொலைஞ்சுபோச்சாம்மா?” என்று கேட்டார். இல்லை என்று எழுந்தாள்.

எங்கள் லிஃப்ட் இப்போது தரையோடு தரையாக நிற்கிறது.

அவருடைய அட்டையில் மட்டும் ‘உங்களால்தான்’ என்று சேர்க்கச் சொன்னேன்.

“சேர்த்தா, அடுத்த மாசமும் அவர் எதாவது கண்டுபிடிச்சுச் சொல்லியாகணும். வேணாம்.”

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு எல்லா உறைகளிலும் எழுதினாள். அவர் பெயர் கடைசி. நானே தபால்பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தபாலுக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டாள். அது அவருடையது.

இனி மூன்றாவது அட்டை. லிஃப்ட் சரியாகிவிட்டதால் என் கையில் வரி இல்லை. உங்களிடம் விடுகிறேன். உங்கள் அறையில், தெருவில், வேலை பார்க்கிற இடத்தில் உள்ளது எதுவானாலும் சரி. உண்மையாக இருக்க வேண்டும். கேள்வி கூடாது, புத்திமதி கூடாது. விடியலை நான் ஏற்கெனவே முயன்றுவிட்டேன். பத்து முறை தப்பாக வந்தால் கவலைப்படாதீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. அட்டை இதோ:

உங்களை நினைத்துக்கொண்டோம்.
[                                        ]
எங்கள் எண் மாறவில்லை, எந்நேரமும் அழைக்கலாம்.
பதில் தேவையில்லை.